வந்த ஆண்டும் வாழும் உரிமையும்: பம்பாயின் குடிசை அகற்றங்களும் எதிர்ப்பும்

பம்பாய் நகரில் ஒரு குடிசை நிற்குமா இடிக்கப்படுமா என்பதை, அது எழுந்துள்ள நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் காட்டிலும், அதில் வாழும் குடும்பம் எந்த ஆண்டில் எந்தப் பதிவேட்டில் ஏறியது என்ற கேள்வியே தீர்மானிக்கும் நிலை 1976ஆம் ஆண்டுக்குப் பின் உருவானது. பட்டா இல்லாத பல லட்சம் பேர், பட்டா கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லாத நிலையில், தாங்கள் நகரில் இருப்பதையே ஓர் உரிமையாக அரசை ஏற்கச் செய்த வரலாறு அது. தெருவிலும் நீதிமன்றத்திலும் கணக்கெடுப்புப் படிவத்திலும் நடந்த இழுபறியின் பயனாகவே அந்த உரிமை கிடைத்தது; எனினும் கிடைத்த ஒவ்வொரு முறையும் அது ஒரு தேதியை எல்லையாகக் கொண்டே கிடைத்தது. எல்லைக்கு முன்னர் வந்தவர்களைக் காத்த அதே காகிதம், பின்னர் வந்தவர்களை அகற்றுவதற்கான ஆதாரமாகவும் ஆனது.

இடிப்பதற்கான சட்ட அதிகாரம் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது. 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, தெருவிலும் நடைபாதையிலும் எழுப்பப்பட்ட கட்டுமானங்களை முன்னறிவிப்பு இன்றியே அகற்றுவதற்கு மாநகராட்சி ஆணையருக்கு அதிகாரம் தந்தது. 1896இல் பிளேக் நோய் பரவியதும், நெரிசலான குடியிருப்புகளே நோயின் மூலம் என்று கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவி அவற்றைத் தரைமட்டமாக்கத் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் ஏழைகள் இழந்த அறைகளின் எண்ணிக்கைக்கு ஈடாகப் புதிய அறைகள் கட்டப்படவில்லை. பஞ்சாலைத் தொழிலாளர்கள் ‘சால்’ எனப்படும் கட்டடங்களில், அதாவது நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அமைந்த ஒற்றை அறைகளும் பொதுக் கழிப்பிடமும் கொண்ட அடுக்குகளில், நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களுக்குப் பெரும் பாதுகாப்பாக இருந்தபோதிலும், வாடகைக்கென்று புதிதாகக் கட்டுவோர் அருகியதால், பிற்பாடு வந்தவர்களுக்குச் சதுப்பு நிலமும் இருப்புப்பாதை ஓரமும் நடைபாதையுமே மிஞ்சின. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து தாராவியில் குடியேறிய தமிழர்களும் அவ்வாறு மிஞ்சிய நிலத்தையே மண் கொட்டி மேடாக்கி ஊராக்கினர்.

சுதந்திரத்துக்குப் பின்னும் நெடுங்காலம் அரசின் கொள்கை அகற்றம் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியது. அதன் போக்கை விளங்கிக்கொள்ளச் செம்பூரை அடுத்து, டிராம்பே பகுதியில் இருந்த ஜனதா காலனியின் கதை போதும். நகரின் தென்பகுதியிலிருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே 1950ஆம் ஆண்டையொட்டி அங்கே கொண்டுவந்து குடியேற்றியது. ஆக்கிரமிப்பாளர் என்று அவர்களைச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஆனால் அருகில் வளர்ந்த அணுசக்தி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டதும், 1960களின் இறுதியிலிருந்து அவர்கள் மீண்டும் வெளியேற வேண்டியவர்களாகக் கருதப்பட்டனர். அந்தக் காலனியில்தான் கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஜாக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் தச்சு வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, நாளடைவில் மக்களைத் திரட்டுபவராக உருவானார். மாநகராட்சி குப்பையை அள்ள மறுத்தபோது, பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகக் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் வாசலில் கொட்டச் செய்ததை அவர் பிற்காலப் பேட்டிகளில் சிரித்தபடியே விவரித்திருக்கிறார். குறும்புத்தனம் கலந்த அந்தப் போராட்ட முறை, நீதிமன்றத் தடையாணைகளும் தில்லிக்குச் சென்று தலைவர்களைச் சந்திக்கும் முயற்சிகளும் சேர்ந்து, வெளியேற்றத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

தள்ளிப்போடத்தான் முடிந்தது. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த 1976 மே மாதத்தில் பெரும் காவல்படையின் துணையுடன் காலனி இடிக்கப்பட்டு, ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப் என்று இன்று அறியப்படும் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். தமிழரும் தமிழ் முஸ்லிம்களும் இன்றும் கணிசமாக வாழும் பகுதி அது. இந்தத் தோல்வியிலிருந்து அற்புதமும் அவருடன் இருந்தவர்களும் பெற்ற பாடம் முக்கியமானது: ஒரு காலனி தனித்து நின்று போராடினால் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் போராடினாலும் ஒருநாள் வீழும். 1970களின் நடுப்பகுதியில் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, தனித்தனிக் காலனிகளை ஒரு வலையாகப் பின்னும் முயற்சியாகும்.

ஜனதா காலனி இடிபடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1976 ஜனவரியில், மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைப் பகுதிகள் அனைத்திலும் ஒரே நாளில் கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. சுமார் 1,680 குடியிருப்புகளில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாழ்வது தெரியவந்தது. அரசு மற்றும் மாநகராட்சி நிலங்களில் கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் ‘போட்டோ பாஸ்’ எனப்பட்ட, குடும்பத் தலைவரின் படம் ஒட்டிய அட்டை வழங்கப்பட்டு, அதற்கு ஈடாக மாதந்தோறும் ஒரு தொகை வசூலிக்கப்பட்டது. கணக்கெடுப்பின் நோக்கம் இரக்கம் அன்று. குடிசைகளின் எண்ணிக்கையை அந்த நாளோடு உறைய வைத்து, அதன்பின் முளைப்பவற்றைத் தயக்கமின்றி இடிப்பதற்கே அது திட்டமிடப்பட்டது. முந்தைய ஆண்டில் காலிமனை ஆக்கிரமிப்புக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டம் விரைவான வெளியேற்றத்துக்கு ஏற்கெனவே வழிசெய்திருந்தது. ஆயினும் அரசு எண்ணிப் பார்த்திராத ஒரு விளைவு ஏற்பட்டது: இடம் தருவோம் என்ற வாக்குறுதி எதுவும் அட்டையில் தெளிவாக இல்லாவிட்டாலும், அரசே படம் பிடித்து எண் கொடுத்தவரைத் திருட்டுக் குடியேறி என்று சொல்வது இனி எளிதாக இருக்கவில்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது என்று மற்றக் காகிதங்களும் மெல்ல மெல்ல அதே மதிப்பைப் பெற்றன. நடைபாதைகளில் வாழ்ந்தோர் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

விடுபட்ட அவர்கள் மீதே அடுத்த தாக்குதல் நிகழ்ந்தது. 1981 ஜூலை 13 அன்று முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே, நடைபாதைவாசிகள் அனைவரும் அகற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவர் என்று அறிவித்தார். மழைக்காலத்தின் நடுவில், மழையில் அவர்கள் படும் துன்பத்தையே காரணமாகக் காட்டி, வந்த அறிவிப்பு அது. பத்தே நாளில் அரசுப் பேருந்துகளில் மக்கள் ஏற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மனுதாரர்களில் ஒருவரின் வரலாறு தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது: சேலத்தில் நிலமற்ற கூலியாக இருந்த அவர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தார், தஹிசரில் ஓர் இரசாயன நிறுவனத்தில் நாளுக்கு 23 ரூபாய் கூலி பெற்றார், மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு மறைத்த ஓரிடத்துக்காகப் பேட்டை ரவுடி ஒருவருக்கு 2,500 ரூபாய் கொடுத்தார். ஜூலை 23 அன்று அது இடிக்கப்பட்டு, அவரும் மனைவியும் மூன்று பெண் மக்களும் சேலத்துக்குப் பேருந்தில் அனுப்பப்பட்டனர். குடும்பத்தைச் சேலத்தில் விட்டுவிட்டு வேலைக்காக அவர் திரும்பவும் பம்பாய்க்கு வந்து, திரும்பவும் ஒரு நடைபாதையில் தங்கினார். சட்டவிரோத இடத்துக்கும் விலை உண்டு, அதை ஏழை கொடுத்தே தீர வேண்டியிருந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணங்கள் குறைவு.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ், குடிமை உரிமை அமைப்புகள், நடைபாதைவாசிகள் ஆகியோர் தொடுத்த வழக்குகளில் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான 5 நீதிபதிகள் கொண்ட அமர்வு 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமை, பிழைப்புக்கான உரிமையையும் உள்ளடக்கியது என்றும், நடைபாதையிலிருந்து ஒருவரை அகற்றுவது அவருடைய பிழைப்பையே பறிப்பதாகும் என்றும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்த அடியிலேயே, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும், 314ஆம் பிரிவு செல்லும் என்றும், ஆனால் பொதுவாக முன்னறிவிப்புத் தருவதே முறை என்றும் கூறியது. 1976 கணக்கில் இடம்பெற்றவர்களுக்கு மாலவணியிலோ வேறிடத்திலோ மாற்று மனை தரப்பட வேண்டும், எனினும் அது வெளியேற்றத்துக்கான முன்நிபந்தனை ஆகாது. 20 ஆண்டுகளுக்கு மேலாக நின்று மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவைக்காக அன்றி அகற்றக் கூடாது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பு உயிர்வாழும் உரிமையை விரிவாக்கிய வெற்றியாகப் பயிலப்படுகிறது. பைகுல்லாவின் நடைபாதைகளில் அது அக்டோபர் 31 என்ற தேதியாகவே அறியப்பட்டது.

அந்தத் தேதிக்கு முன்னர் கிடைத்த சில மாதங்களில் நடைபாதைவாசிகளும் அவர்களுடன் நின்றவர்களும் செய்தது, இவ்வியக்கத்தின் வரலாற்றிலேயே மிகவும் கவனிக்கத்தக்கது. ஷீலா படேல் முதலியோர் 1984இல் தொடங்கிய ஸ்பார்க் என்னும் சிறு அமைப்பு, பைகுல்லாப் பகுதியின் நடைபாதைப் பெண்களுடன் சேர்ந்து, ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தது. ‘காணப்படாத நாங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளியான அறிக்கை, இவர்கள் நேற்று வந்து நாளை போகும் கூட்டத்தினர் அல்லர், பலர் பல்லாண்டுகளாக அதே இடத்தில் வாழ்பவர்கள், நாட்டின் மிக வறிய மாவட்டங்களிலிருந்து வந்து, நடந்து செல்லும் தொலைவிலேயே வேலை பார்த்து நகரைக் குறைந்த கூலியில் இயங்கச் செய்பவர்கள் என்பதை எண்களால் நிறுவியது. தீர்ப்பு அனுமதித்தபோதிலும், அஞ்சப்பட்ட அளவில் பெரும் வெளியேற்றம் அக்டோபருக்குப் பின் நிகழவில்லை. அதற்கு அறிக்கை மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது; ஆனால் அதுவரை ‘பிரச்சினை’ என்று மட்டுமே பேசப்பட்டவர்கள் முதன்முறையாகப் புள்ளிவிவரத்தின் உரிமையாளர்களாகப் பேசத் தொடங்கினர். அதே காலத்தில் பிரதமர் தாராவிக்கென 100 கோடி ரூபாய் அறிவித்ததையடுத்து, அற்புதத்தின் கூட்டமைப்பு 1986இல் அங்கு நடத்திய கணக்கெடுப்பு, அரசு மதிப்பிட்டிருந்ததைவிட வெகுவாகக் கூடுதலாக, சுமார் 5.3 லட்சம் பேர் வாழ்வதாகக் கண்டது. எண்ணிக்கையைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தால், மறுகுடியமர்த்தத்தில் விடுபடுபவர்கள் எத்தனை பேராக இருந்திருப்பர் என்பதை அந்த வேறுபாடே காட்டியது.

கணக்கெடுப்பின் முறை எளியது, ஆனால் நுட்பமானது. குடியிருப்பின் மக்களே தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு கதவிலும் எண் எழுதுவர். தரையின் வரைபடத்தைத் தாங்களே வரைவர். யார் குடியிருக்கிறார், யார் வாடகைக்கு இருக்கிறார் என்று எழுதிய பட்டியலை ஊர் கூடி வாசித்துத் திருத்துவர். அதிகாரி எடுக்கும் கணக்கில் மறைந்துபோகும் கைம்பெண்ணும், வேலைக்குப் போயிருந்ததால் கதவு பூட்டியிருந்த குடும்பமும் இந்த வாசிப்பில் இடம்பெற்றனர். 1986இல் உருவான மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்பு, நாள்தோறும் சிறு தொகை சேமிக்கும் பழக்கத்தைக் கணக்கெடுப்புடன் இணைத்தது. பணத்தைவிட, வீடு வீடாகச் சேமிப்பு வாங்கச் செல்லும் பெண்ணுக்குத் தெருவின் எல்லாச் செய்தியும் தெரிந்திருந்ததே அதன் பலம். இடிப்பு வண்டி வரும் நாளில் இப்பெண்கள் தங்கள் குடிசையைத் தாங்களே பிரித்து, கம்பும் தார்ப்பாயும் பறிபோகாமல் ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு, வண்டி போனதும் மீண்டும் எழுப்பிய சம்பவங்கள் உண்டு. காவலருடன் மோதுவதால் பொருளும் போய் வழக்கும் சேரும் என்ற கணக்கு அதன் பின்னே இருந்தது. தங்களுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்பதையும் அவர்களே வகுத்தனர்: 14 அடி உயரச் சுவரும் பாதித் தளத்துக்குப் பரணும் கொண்ட மாதிரி வீட்டை முழு அளவில் கட்டி, அதிகாரிகளை அழைத்து உள்ளே நடக்கவிட்டுக் காட்டினர்.

இந்த வழிக்கு இணையாக, மோதலையே முதன்மையாகக் கொண்ட மற்றொரு மரபும் வளர்ந்தது. 1981இன் வெளியேற்றங்களை எதிர்த்து உருவான நிவாரா ஹக் சுரக்ஷா சமிதி என்னும் அமைப்பு, குடியிருப்பை உரிமையாகவே கோரியது. ஆனந்த் பட்வர்தன் 1985இல் எடுத்த ‘ஹமாரா ஷஹர்’ என்னும் ஆவணப்படம், மாநகராட்சியின் இடிப்புப் படையையும் நடுத்தர வர்க்கத்தின் அலட்சியத்தையும் அருகருகே வைத்துக் காட்டியது. 1986 மார்ச்சில் நகரின் விலைமிகுந்த தென்முனையில் இருந்த சஞ்சய் காந்தி நகர் இடிக்கப்பட்டபோது, பட்வர்தனும் நடிகை ஷபானா ஆஸ்மியும் குடியிருப்பாளர்களும் மேற்கொண்ட உண்ணாவிரதம் மாற்று நிலத்தைப் பெற்றுத்தந்தது. அந்த நிலம் வெகு தொலைவில், கோரேகாவ் பக்கம் திண்டோஷியில் இருந்தது. மோதிப் பெற்றாலும் பேசிப் பெற்றாலும் பெற்ற இடம் வேலையிலிருந்து தள்ளியே இருந்தது என்பது இரு மரபுகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் உண்மை.

பேச்சுவார்த்தை வழியின் மிகப் பெரிய சோதனை இருப்புப்பாதையில் நடந்தது. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளால் புறநகர் ரயில்கள் பல இடங்களில் ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. அங்கு வாழ்ந்தோரில் அடிபட்டு இறந்தவர்களும் உண்டு. 1980களின் இறுதியில் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் அரசுடன் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு சுமார் 18,000 குடும்பங்களைப் பதிவு செய்தது. ரயில்வே குடிசைவாசிகளின் தனிக் கூட்டமைப்பும் பிறந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரயில்வே நிர்வாகம் உடன்பாட்டை மீறி ஏறத்தாழ 2,000 குடிசைகளை இடித்தபோது, கூட்டமைப்பின் எதிர்ப்பால் இடிப்பு நின்றது. அதையடுத்து சுமார் 60,000 பேர், காவலர் துணையின்றித் தங்கள் குடிசையைத் தாங்களே பிரித்துவிட்டுப் புதிய இடங்களுக்குச் சென்றனர். யாருக்கு வீடு என்ற பட்டியலை அம்மக்களின் சொந்தக் கணக்கெடுப்பே முடிவு செய்தது. அவர்களுக்குக் கிடைத்தவை 225 சதுர அடி அடுக்குமாடி அறைகள். மான்குர்திலும் வாசி நாக்காவிலும், காற்றும் வெளிச்சமும் புகாத அளவுக்கு நெருக்கமாக எழுந்த கட்டடங்களில் அமைந்தவை. இந்த இடமாற்றத்தை உள்ளடக்கிய, உலக வங்கியின் கடனுதவி பெற்ற நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் சாலைப் பகுதியில் கடைகளை இழந்தவர்கள் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் 2004இல் முறையிட்டனர். குழு கடுமையான குறைகளைக் கண்டதால், 2006 மார்ச்சில் வங்கி அப்பகுதிகளுக்கான நிதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. குடிசைவாசிகளின் அமைப்பே அவர்களை அகற்றும் ஒப்பந்தக்காரராக ஆகிவிட்டது என்ற விமர்சனம் அப்போது வலுவாக எழுந்தது. விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2000இன் இடிப்பைக் கண்ட ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடியும் பெயர் எழுதிய சாவியும் சிறிய விஷயமாக இருந்திருக்காது.

இதற்கிடையே வீடு தரும் கொள்கை முற்றிலும் சந்தையின் கைக்குச் சென்றது. 1995இல் ஆட்சிக்கு வந்த சிவசேனை–பாஜக அரசு 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று வாக்களித்தது. கட்டுமான நிறுவனம் குடிசை நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடி எழுப்பிப் பழைய குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகத் தரும்; எஞ்சிய பகுதியில் கூடுதல் கட்டுமான அனுமதி பெற்றுச் சந்தை விலைக்கு விற்கும். 1995 ஜனவரி 1க்கு முன் வந்தவர் மட்டுமே தகுதி பெற்றார். அதற்கு முன்னர் 1976, 1980, 1985 என்று எல்லை நகர்ந்துவந்த விதத்தைப் பார்த்தால், ஒவ்வொரு தேர்தலும் ஒரு தேதியைப் பின்தள்ளியது தெளிவாகும். இலவச வீடு வாக்களித்த அளவில் எங்கும் எட்டப்படவில்லை.

2004 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் எல்லையை 2000க்கு நகர்த்துவதாக வாக்களித்து வென்றது. வென்ற சில வாரங்களிலேயே விலாஸ்ராவ் தேஷ்முக்கின் அரசு 1995க்குப் பிந்தைய குடிசைகளை இடிக்கத் தொடங்கி, சில மாதங்களில் ஏறத்தாழ 90,000 குடிசைகளைத் தரைமட்டமாக்கியது. மான்குர்தின் மண்டாலா முதலிய இடங்களில் வீடிழந்தவர்கள், சமூகப் போராளி மேதா பட்கரின் துணையுடன் ‘கர் பச்சாவ் கர் பனாவ் ஆந்தோலன்’, அதாவது வீட்டைக் காத்து வீட்டைக் கட்டும் இயக்கம், என்ற பெயரில் திரண்டு, இடித்த நிலத்திலேயே மீண்டும் குடியேறினர். இடிப்பு ஓய்ந்தபோதிலும் எல்லை 2000க்கு நகர்ந்தது சட்டப்படி உறுதியானது அதற்குப் பின் பத்தாண்டு கழித்தே. 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர்களுக்குப் பணம் செலுத்திப் பெறும் வீடு என்ற இடைநிலைத் தகுதி பிற்பாடு வகுக்கப்பட்டது.

இன்று தாராவியை முழுவதுமாக மாற்றியமைக்கும் திட்டத்தில் இந்தத் தேதிகளே மாடி மாடியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் பெற்ற அத்திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடுதோறும் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி இலவசம். 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே பணம் கட்டிப் பெறும் வீடு. மாடியில் குடியிருப்போருக்கும் 2022 நவம்பர் வரை வந்தவர்களுக்கும் நகரின் வேறு பகுதியில் வாடகை செலுத்திச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. 1986இல் தங்களை எண்ணிக்கொள்ள முன்வந்த ஊரில், கணக்கெடுப்பாளர்கள் கதவுகளில் எண் ஒட்டிச் செல்வதைச் சில தெருக்களின் மக்கள் இம்முறை தடுத்தனர். எண்ணப்படுவது இனிப் பாதுகாப்பா, வெளியேறும் வரிசையில் இடம்பெறுவதா என்ற ஐயம் அவர்களிடம் இருந்தது. தாராவி பச்சாவ் ஆந்தோலன் என்னும் கூட்டமைப்பின் கோரிக்கை, தகுதியுடையோர், தகுதியற்றோர் என்ற பிரிவே கூடாது, தரையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே 500 சதுர அடி வேண்டும் என்பதாகும்.